அரை நூற்றாண்டு நின்ற ராட்சத நீராவி இன்ஜினை மறுபடி ஓட வைப்பது எப்படி?

கேள்வி: அமெரிக்காவில் மியூசியத்தில் நின்றுகிடந்த ‘பிக் பாய்’ இன்ஜினை மறுபடி ஓட வைத்தார்களே, அதை எப்படிச் செய்தார்கள்? துருவைச் சுரண்டி, எண்ணெய் விட்டு, பெயின்ட் அடித்து, நெருப்பு மூட்டினால் போதாதா? அப்படிப்பட்ட இன்ஜினை நேரில் பார்த்தால் எதைக் கவனிக்க வேண்டும்?

போதாது. எண்ணெய் விட்டால் இன்ஜின் உருளும்; வேறொரு இன்ஜினைப் பூட்டி இழுத்துப் போகலாம், அவ்வளவுதான். தன் நீராவியில் ஓடுமா என்பதை முடிவு செய்வது கொதிகலன். சக்கரம், ராடு, பிஸ்டன், வால்வு எல்லாவற்றையும் காசு இருந்தால் புதிதாக வார்க்கலாம், கடையலாம். கொதிகலன் தகடு மெலிந்திருந்தால் திட்டமே மாறிவிடும். வேலை அழுத்தத்தைக் குறைக்க வேண்டும், அல்லது கெட்ட பகுதியை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைக்க வேண்டும், இல்லையென்றால் காட்சிக்கு மட்டும் என்று விட்டுவிட வேண்டும். அதனால் இந்தப் பதிலில் பெரும்பகுதி கொதிகலன் பற்றியே இருக்கும்.

முதலில் அளவு தெரியட்டும். யூனியன் பசிபிக் ரயில்வேக்காக அமெரிக்கன் லோகோமோட்டிவ் கம்பெனி தன் ஸ்கெனெக்டடி ஆலையில் 25 பிக் பாய்களைக் கட்டியது. 1941-ல் 20, 1944-ல் 5. சக்கர அமைப்பு 4-8-8-4. அதாவது முன்னால் நான்கு சிறு சக்கரம், எட்டு எட்டாக இரண்டு தொகுதி இயக்கச் சக்கரம், நெருப்புப் பெட்டிக்கு அடியில் நான்கு சக்கரம். தண்ணீரும் எரிபொருளும் சுமக்கும் பின் வண்டியான டெண்டரோடு நீளம் சுமார் 132 அடி. தண்ணீரும் எரிபொருளும் நிரப்பினால் எடை ஏறக்குறைய 12 லட்சம் பவுண்டு, சுமார் 540 டன். சிலிண்டர் நான்கு, ஒவ்வொன்றும் 23¾ அங்குல விட்டம், பிஸ்டன் போய்வரும் தூரம் 32 அங்குலம். கொதிகலன் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 300 பவுண்டு. யூட்டாவில் வாசாட்ச் மலையேற்றத்தில் 3,600 டன் சரக்கு ரயிலைத் துணை இன்ஜின் இல்லாமல் ஏற்ற வேண்டும் என்ற கணக்கில் போட்ட வடிவமைப்பு இது.

4014 என்ற எண் கொண்ட இன்ஜின் 1962 முதல் கலிஃபோர்னியாவின் பொமோனாவில் நின்றது. 2013-ல் யூனியன் பசிபிக் அதைத் திரும்பப் பெற்றது, 2014 மே மாதம் வயோமிங்கில் உள்ள ஷயான் பட்டறைக்குக் கொண்டுபோனது. 2019 மே மாதம் அது தன் நீராவியிலேயே யூட்டாவின் ஆக்டனுக்கு ஓடியது. மிச்சமிருக்கும் எட்டில் ஓடுவது இது ஒன்றுதான். பொமோனாவின் வறண்ட காற்று இதற்குப் பெரிய உதவி. பனியும் மழையும் விழும் ஊரில் திறந்தவெளியில் நின்ற இன்ஜினுக்கு அந்த அதிர்ஷ்டம் கிடையாது.

நகர்த்துவதே தனி வேலை. காட்சித் திடலுக்கும் மெயின் லைனுக்கும் இடையில் தண்டவாளம் இல்லாததால், கட்டி வைத்த தண்டவாளத் துண்டுகளைப் போட்டு, இன்ஜினை அதன்மேல் நகர்த்தி, பின்னால் விட்டதைப் பிடுங்கி முன்னால் போட்டு அங்குலம் அங்குலமாக வெளியே கொண்டுவந்தார்கள். இழுப்பதற்கு முன் ஒவ்வொரு பேரிங்கையும் திறந்து, இறுகிப்போன கிரீஸை வழித்தெடுத்துப் புதிதாக நிரப்ப வேண்டும். பிஸ்டனை ஓட்டும் மெயின் ராடைக் கழற்றிவிட்டு இழுப்பது நல்லது. கழற்றாமல் இழுத்தால் சிலிண்டருக்குள் எண்ணெய் தொடர்ந்து போக வேண்டும். உலர்ந்த சிலிண்டரில் பிஸ்டன் வளையம் நூறு மைல் உரசினால் சுவரில் கோடு விழும், பிறகு சிலிண்டரை மறுபடி கடைய வேண்டியதுதான்.

பட்டறைக்குள் வந்ததும் முதல் வேலை உரிப்பது. கொதிகலனைச் சுற்றி மெல்லிய தகட்டு உறை, அதற்குள் வெப்பக் காப்பு. அந்தக் காலத்து வெப்பக் காப்பில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். பழைய பெயின்டில் ஈயம் இருக்கும். உரிமம் உள்ள ஆட்கள் மூடிய அறையில் எடுக்க வேண்டிய பொருள் இது. ‘நாமே சுரண்டிப் போட்டுவிடலாம்’ என்று இறங்கும் ஆர்வலர் குழுக்களின் வேலை பெரும்பாலும் இந்த இடத்தில்தான் சட்டச் சிக்கலில் நிற்கும். உறையைக் கழற்றாமல் கொதிகலனைப் பற்றி யாராவது உத்தரவாதம் கொடுத்தால் நம்ப வேண்டாம். ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதே அந்த உறைதான். மோசமான அரிப்பு அதன் அடியில்தான் ஒளிந்திருக்கும்.

அடுத்தது தடிமன் அளப்பு. தகடு முழுக்க ஓரடிக்கு ஓரடி கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் அல்ட்ராசோனிக் கருவி வைத்து எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். சந்தேகம் வரும் இடத்தில் கட்டத்தை நெருக்க வேண்டும். கெடும் இடங்கள் எல்லா இன்ஜினிலும் ஏறக்குறைய ஒன்றே. கொதிகலன் உருளையின் அடிவயிறு, அங்கே சேறு தங்கும். கொதிகலனின் உட்புறத்தைக் கழுவுவதற்கான துளைகளின் விளிம்பு. நெருப்புப் பெட்டியின் அடியில் சுற்றிவரும் மட் ரிங்குக்குச் சற்று மேலே உள்ள தகடு. பிறகு கொதிகலனின் முன்முனையில், புகைபோக்கிக்கு அடியில் உள்ள புகைப் பெட்டியின் தரை. நிலக்கரிச் சாம்பலில் கந்தகம் உண்டு; புகைபோக்கி வழியாக மழை இறங்கிச் சாம்பலை நனைத்தால் அமிலமாகித் தகட்டைத் தின்னும். புகைப் பெட்டி அழுத்தம் தாங்கும் பகுதி இல்லை என்பது ஒரு ஆறுதல். ஆனால் குழாய்கள் நுழையும் முன் தகட்டின் கீழ்ப்பகுதியும் கூடவே அரிக்கும், அது அழுத்தம் தாங்கும் தகடு.

அளந்த எண்ணை வைத்து என்ன செய்வது? ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். உருளையின் உள் ஆரம் 48 அங்குலம், தகடு 1 அங்குலம், இணைப்பின் வலு முழுத் தகட்டில் 90 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். எஃகின் இழுவலிமை ஆவணத்தில் இல்லை என்றால் அமெரிக்க விதிப்படி சதுர அங்குலத்துக்கு 50,000 பவுண்டு என்றே கொள்ள வேண்டும். பாதுகாப்புக் காரணி 4, அதாவது வலிமையில் நாலில் ஒரு பங்கைத்தான் பயன்படுத்தலாம். வலிமையைத் தடிமனாலும் 0.9-ஆலும் பெருக்கி, ஆரத்தை நான்கால் பெருக்கியதால் வகுத்தால் அனுமதிக்கும் அழுத்தம் 234 பவுண்டு என்று வரும். அதே தகடு ஓரிடத்தில் 0.85 அங்குலமாக மெலிந்திருந்தால் 199. கண்ணுக்குத் தெரியாத 15 சதவீத அரிப்பு 35 பவுண்டைத் தின்றுவிட்டது. இழுவிசை அழுத்தத்தோடு நேராகக் குறையும், அதனால் பழைய ரயிலை இழுக்க முடியாது. பழைய வரைபடங்களையும் தகட்டுச் சான்றுகளையும் தேடி அலைவதும் இதனால்தான். உண்மையான வலிமை 55,000 என்று காகிதம் கிடைத்தால் கணக்கில் பத்து சதவீதம் உடனே திரும்பி வரும். காகிதம் இல்லாவிட்டால் தகட்டிலிருந்து துண்டு வெட்டிச் சோதித்தும் நிரூபிக்கலாம்.

கொதிகலனுக்குள் நெருப்புப் பெட்டி இன்னொரு பெட்டியாக உட்கார்ந்திருக்கிறது. உள் தகட்டுக்கும் வெளித் தகட்டுக்கும் நடுவில் சில அங்குலத் தண்ணீர். தட்டையான தகடு அழுத்தத்தில் உப்பிவிடும் என்பதால் இரண்டையும் ஆயிரக்கணக்கான ஸ்டே போல்ட்டுகளால் பிணைத்திருப்பார்கள். போல்ட்டுகள் நாலு அங்குலத்துக்கு ஒன்று என்று வைத்தால் ஒவ்வொன்றுக்கும் 16 சதுர அங்குலப் பரப்பு. 300 பவுண்டு அழுத்தத்தில் ஒரு போல்ட் தாங்குவது 4,800 பவுண்டு. விதிப்படி ஸ்டேயில் அனுமதிக்கும் தகைவு, அதாவது போல்ட்டின் குறுக்குப் பரப்பில் விழும் இழுப்பு, சதுர அங்குலத்துக்கு 7,500 பவுண்டு. 1 அங்குல போல்ட்டில் தகைவு சுமார் 6,100, பிரச்சினை இல்லை. அரித்து ⅞ அங்குலமானால் சுமார் 8,000, விதி மீறிவிட்டது. அரைக்கால் அங்குலத் துருதான் வித்தியாசம்.

போல்ட் உடைவதற்குக் காரணம் அழுத்தம் மட்டும் இல்லை. நெருப்புப் பக்கத் தகடு அதிகம் சூடாகி அதிகம் நீளும், வெளித் தகடு அவ்வளவு நீளாது. ஒவ்வொரு முறை சூடேறி ஆறும்போதும் போல்ட் வளைந்து நிமிரும். மேல் வரிசையிலும் மூலைகளிலும் இந்த நகர்வு அதிகம், அங்கேதான் முதலில் உடையும். அதனால்தான் அந்த இடங்களில் வெளிப்பக்கம் உருண்டைத் தலை கொண்டு, ஒரு கிண்ணத்துக்குள் அசையும் வகைப் போல்ட்டை வைத்தார்கள். 8 அங்குலத்துக்குக் குறைவான கெட்டிப் போல்ட்டுகளின் முனையில் 3/16 அங்குல விட்டத்தில், குறைந்தது 1¼ அங்குல ஆழத்துக்கு ஒரு துளை இருக்க வேண்டும். போல்ட் விரிசல் விட்டால் அந்தத் துளை வழியாகத் தண்ணீரோ நீராவியோ கசிந்து காட்டிக்கொடுக்கும். கசிகிறது என்று அந்தத் துளையை ஆணி அடித்து அடைத்து வைத்த பழைய இன்ஜின்கள் உண்டு! ஒவ்வொன்றையும் கம்பி விட்டுத் துப்புரவு செய்து பார்க்க வேண்டும். அப்புறம் சுத்தியல். ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஒவ்வொரு போல்ட்டாகத் தட்டுவார். நல்ல போல்ட் கணீரென்று ஒலிக்கும், உடைந்தது மந்தமாகச் சத்தம் தரும். 24 அங்குலத்துக்குள் இரண்டு உடைந்திருந்தாலோ, மொத்தத்தில் நான்குக்கு மேல் உடைந்திருந்தாலோ அந்தக் கொதிகலனை ஓட்டக் கூடாது.

குழாய்களைக் காப்பாற்ற முயல்வது வீண். பிக் பாயில் 22 அடி நீளக் குழாய்கள். நெருப்புப் புகை உள்ளே போகும், தண்ணீர் வெளியே சுற்றி நிற்கும். எப்படியும் கொதிகலன் உட்புறத்தைப் பார்க்க எல்லாவற்றையும் வெட்டி எடுத்தாக வேண்டும், திரும்பப் போடும்போது புதியதாகவே போட்டுவிடுவார்கள். போடும் முறையில்தான் கைத்திறன். நெருப்புப் பெட்டிப் பக்கத்துத் துளையில் மெல்லிய செம்பு வளையம், அதற்குள் குழாய், உருளைக் கருவியால் உள்ளிருந்து விரித்து இறுக்குவது, வெளியே நீட்டிய விளிம்பை மடித்துத் தகட்டோடு படிய வைப்பது, கடைசியில் சுற்றிலும் வெல்டிங். அளவுக்கு மீறி விரித்தால் குழாய்ச் சுவர் மெலியும், பக்கத்துத் துளையும் முட்டை வடிவமாகிவிடும். குறைவாக விரித்தால் முதல் சூட்டிலேயே கசியும்.

இதெல்லாம் முடிந்தால் நீரழுத்தச் சோதனை. கொதிகலனைக் காற்றுக் குமிழியே இல்லாமல் வெதுவெதுப்பான தண்ணீரால் நிரப்பி, வேலை அழுத்தத்துக்கு மேல் 25 சதவீதம் ஏற்ற வேண்டும், 300-க்கு 375. நீராவிக்குப் பதில் தண்ணீர் வைப்பதற்குக் காரணம் உண்டு. தண்ணீர் அமுங்காது, அதனால் எங்காவது கிழிந்தாலும் அழுத்தம் சட்டென்று விழுந்துவிடும். 300 பவுண்டில் உள்ள கொதிகலனில் தண்ணீர் சுமார் 217 டிகிரி செல்சியஸில் நிற்கிறது; தகடு திறந்தால் அதில் ஒரு பங்கு நொடியில் நீராவியாகி ஆயிரம் மடங்குக்கு மேல் விரியும். இன்ஜின் கொதிகலன் வெடித்தால் சேஸிஸை விட்டே பறந்துபோவது அந்த வேகத்தால்தான்.

நல்ல கொதிகலனையும் கெடுக்க வல்லது ஒன்று உண்டு. நெருப்புப் பெட்டியின் கூரைத் தகட்டின் மேல் தண்ணீர் நிற்காமல் போவது. மேலே தண்ணீர் இருக்கும்வரை தகடு தண்ணீரின் சூட்டைவிடச் சற்றுத்தான் கூடுதலாக இருக்கும். தண்ணீர் விலகினால் சில நிமிடத்தில் சிவந்து இளகி ஸ்டேக்களிலிருந்து கழன்று தொங்கும். 1995 ஜூன் மாதம் பென்சில்வேனியாவில், கெட்டிஸ்பர்க் லைனில் சுற்றுலா ரயில் இழுத்த 1278 எண் இன்ஜினுக்கு நடந்தது இதுதான். ஊழியர் மூவர் தீக்காயம் அடைந்தார்கள். விசாரணையில், தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக்குப் போகும் வழி உப்புப் படிவால் அடைபட்டிருந்தது தெரிந்தது. கண்ணாடியில் தண்ணீர் தெரிந்தது, கூரைமேல் இல்லை. அதன் பிறகுதான் அமெரிக்கக் கூட்டாட்சி ரயில்வே நிர்வாகம் நீராவி இன்ஜின் விதிகளைத் திருத்தி எழுதியது; அவை 2000-ல் அமலுக்கு வந்தன.

கண்ணாடியின் அடிமட்டம் கூரைத் தகட்டின் உச்சிக்கு மேல் குறைந்தது 3 அங்குலம் இருக்க வேண்டும் என்பது விதி. ராட்சத இன்ஜினில் இந்த 3 அங்குலம் எவ்வளவு குறைவு என்று பாருங்கள். கூரையின் நீளம் 20 அடி என்றால், 1 சதவீத ஏற்றத்தில் முன் முனைக்கும் பின் முனைக்கும் தண்ணீர் மட்டத்தில் 2.4 அங்குல வித்தியாசம். ஏறும்போது தண்ணீர் பின்பக்கம் ஓடி வரும், கண்ணாடியும் பின்னால் டிரைவர் அறையில்தான் இருக்கிறது, அதனால் நிறைய இருப்பதாகத் தோன்றும். உச்சி கடந்து இறங்க ஆரம்பித்ததும் எல்லாம் முன்னால் ஓடும். நெருப்பையும் தண்ணீரையும் பார்த்துக்கொள்ளும் அனுபவமுள்ள ஃபயர்மேன் இறக்கம் வருவதற்கு முன்பே தண்ணீர் ஏற்றி வைத்துக்கொள்வார்.

இனி ஓடும் பாகங்கள். இங்கே கெட்டுப்போனதைக் கண்டுபிடிப்பது சுலபம், சரிசெய்யப் பெரிய இயந்திரம் வேண்டும். பிக் பாயின் இயக்கச் சக்கரம் 68 அங்குலம். சக்கர மையத்தின் மேல் எஃகு டயர், ஒட்டோ போல்ட்டோ இல்லாமல் இறுக்கத்தால் மட்டும் நிற்கிறது. டயரின் உள்விட்டத்தை மையத்தைவிட ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு குறைவாகக் கடைவார்கள். 60 அங்குல மையத்துக்கு 0.06 அங்குலம். வளையமாக எரியும் கேஸ் பர்னரால் டயரைச் சுமார் 170 டிகிரி செல்சியஸ் கூட்டினால் 0.11 அங்குலத்துக்கு மேல் விரிந்து சுலபமாக உட்காரும், ஆறியதும் கவ்விக்கொள்ளும். ஓட்டத்தில் பிரேக் கட்டையை நெடுநேரம் பிடித்தாலும் இதே விரிவு வரும், அப்போது டயர் மையத்தின் மேல் வழுக்கும். இதைக் கண்டுபிடிக்க டயருக்கும் மையத்துக்கும் குறுக்காக ஒரு வண்ணக் கோடு இழுத்து வைப்பார்கள். கோடு உடைந்திருந்தால் டயர் நகர்ந்திருக்கிறது.

ஒவ்வொரு ஆக்சிலிலும் இடது, வலது கிராங்க் பின்கள் ஒன்றுக்கொன்று 90 டிகிரி தள்ளி இருக்க வேண்டும். அப்போதுதான் ஒரு பக்கம் சக்கரத்தைச் சுழற்ற முடியாத செத்த புள்ளியில் நிற்கும்போது மறுபக்கம் தள்ளும். ஒரே ராடு நான்கு ஆக்சிலை இணைப்பதால் நான்கிலும் அந்தக் கோணம் துல்லியமாக ஒத்துப்போக வேண்டும். ஓர் ஆக்சிலில் சிறு பிசகு இருந்தாலும் ராடு ஒவ்வொரு சுற்றிலும் இழுபட்டுத் தள்ளப்படும். அந்தப் பக்கத்து வெண்கல புஷ் (ராடுக்கும் பின்னுக்கும் நடுவில் உள்ள தேய்மான வளையம்) மட்டும் சூடாகும். எத்தனை தடவை புது புஷ் போட்டாலும் சூடாகிறது என்றால் புஷ்ஷைத் திட்டாமல் கோணத்தை அளக்க வேண்டும். மெயின் ராடு புஷ்ஷின் துளை, கிராங்க் பின்னைவிட 3/32 அங்குலத்துக்கு மேல் பெரிதாக இருக்கக் கூடாது. ஒரு பிஸ்டன் முகத்தின் பரப்பு 443 சதுர அங்குலம், முழு அழுத்தத்தில் 1.3 லட்சம் பவுண்டுக்கு மேல் தள்ளும். அத்தனை விசை ஒவ்வொரு சுற்றிலும் திசை மாறும்போது தளர்வான புஷ் சம்மட்டியாக அடிக்கும். கிராங்க் பின்னிலும் ஆக்சிலிலும் மயிரிழை விரிசலைக் காந்தத் துகள் சோதனையாலும் அல்ட்ராசோனிக்காலும் தேடாமல் திரும்பப் பூட்டக் கூடாது.

இந்த அளவு இன்ஜினுக்கு மட்டுமே உள்ள தலைவலி, நடுவில் உள்ள கீல். 16 இயக்கச் சக்கரத்தை ஒரே சட்டத்தில் வைத்தால் வளைவில் திரும்பாது. அதனால் பின் தொகுதி கொதிகலனோடு பிணைந்திருக்கும், முன் தொகுதி கீலில் தொங்கித் தனியாகத் திரும்பும், கொதிகலனின் முன்பாகம் அதன் மேல் வழுக்கும். முன் சிலிண்டர்களுக்கு நீராவி போக வேண்டுமே? அசையும் குழாய் இணைப்புகள் வழியாகத்தான் போகிறது. கழித்த நீராவி புகைப் பெட்டிக்குத் திரும்பி வருவதும் அப்படியே. இந்த இணைப்புகளில் கசிவைத் தடுக்கும் பேக்கிங் தேய்ந்தால் முன்பக்கம் வெள்ளைப் புகையாகக் கசியும். ரயில் ஓடும் படத்தில் அழகாகத் தெரியும், பட்டறைக்காரருக்குப் பிடிக்காது.

4014-ஐ நிலக்கரியிலிருந்து எண்ணெய்க்கு மாற்றினார்கள். நிலக்கரி எரியும் தீத்தட்டை எடுத்துவிட்டு அடியில் தீச்செங்கல் பதித்த தொட்டி, அதில் நீராவியால் எண்ணெயைச் சிதறடிக்கும் பர்னர், டெண்டரில் நிலக்கரி இருந்த இடத்தில் எண்ணெய்த் தொட்டி. நிலக்கரிப் பிரியர்களுக்கு இதில் வருத்தம் உண்டு. ஆனால் நிலக்கரித் தணல் காட்டுப் பகுதியில் தீ மூட்டும் ஆபத்தும், வழியில் நிலக்கரி ஏற்ற வசதி இல்லாததும் நியாயமான காரணங்கள். எண்ணெயில் வேறு தொல்லை: குழாய்களுக்குள் கரி ஒட்டும், வெப்பம் கடத்தாது. அதனால் இன்ஜின் கடுமையாக இழுக்கும்போது ஃபயர்மேன் கதவு வழியாக ஒரு கரண்டி மணலை வீசுவார். புகையின் இழுப்பு மணலை உறிஞ்சிக் குழாய்களைத் தேய்த்துக்கொண்டு போகும். புகைபோக்கியிலிருந்து திடீரென்று கன்னங்கரேல் என்று எழும் புகை அந்தக் கரிதான்.

முதல் சூடு ஏற்றுவதில் அவசரம் கூடாது. 40 அடி எஃகு குளிர் நிலையிலிருந்து வேலை வெப்பத்துக்குப் போகும்போது ஏறக்குறைய ஓர் அங்குலம் நீளும். அதற்காகவே நெருப்புப் பெட்டிப் பக்கத்தை வழுக்கும் தாங்கிகளில் வைத்திருப்பார்கள். அவை துருவால் ஒட்டிக்கொண்டிருந்தால் சட்டமே வளையும். இத்தனை பெரிய கொதிகலனை ஒரு நாளுக்குக் குறையாமல் மெதுவாகச் சூடேற்றுவதுதான் உத்தமம். அடியில் குளிர்ந்த தண்ணீரும் மேலே கொதிக்கும் தண்ணீருமாக நின்றால் புதுக் குழாய்கள் எல்லாம் கசியும். முதன்முறை நகரும்போது சிலிண்டர் வடிகால்களைத் திறந்து வைக்க வேண்டும். குளிர்ந்த சிலிண்டரில் நீராவி தண்ணீராகி நிற்கும், பிஸ்டன் அதை அமுக்கப் பார்த்தால் சிலிண்டர் மூடி உடையும்.

ஓட ஆரம்பித்த பிறகு கடிகாரமும் ஓட ஆரம்பிக்கிறது. நெருப்போடு அழுத்தம் இருந்த ஒவ்வொரு நாளும் ஒரு சேவை நாள். 31 சேவை நாளுக்கு ஒருமுறை எல்லாக் கழுவும் மூடிகளையும் திறந்து உள்ளே கழுவ வேண்டும். 1,472 சேவை நாள் அல்லது 15 ஆண்டு, எது முந்தியோ, அன்று குழாயைக் கழற்றி மறுபடி முதலிலிருந்து அளக்க வேண்டும். வருடத்துக்கு முப்பது நாள் ஓடும் சுற்றுலா இன்ஜினுக்கு 1,472 ஒருபோதும் வராது, 15 ஆண்டுதான் வரும். அதாவது ஓட்டாமல் வைத்திருந்தாலும் செலவு கரைந்துகொண்டிருக்கிறது. பழுது பார்க்கப் பணம் திரட்டும்போதே அடுத்த 15 ஆண்டுக்கான பணத்தையும் கணக்கில் வைக்காத குழுக்களின் இன்ஜின் மறுபடி காட்சிப்பொருளாகிவிடும்.

செலவு ஏன் எப்போதும் எகிறுகிறது என்றால், கழற்றிப் பார்க்காமல் மதிப்பீடு போடுவதால். இங்கிலாந்தின் ஃபிளையிங் ஸ்காட்ஸ்மன் என்ற நீராவி இன்ஜின் பெயர்பெற்ற உதாரணம். 2006-ல் தொடங்கிய வேலை 2016-ல் முடிந்தது, செலவு 42 லட்சம் பவுண்டு. உள்ளே போகப் போகச் சட்டத்தில் விரிசல்கள் கிடைத்தன. முதலில் உரித்து அளப்பதற்கு மட்டும் ஒரு தொகை, அந்த அறிக்கை வந்த பிறகுதான் மீதிக்கு விலை, இதுவே சரியான வரிசை.

ஓட வைக்க வழியில்லை என்றால் வெட்கப்பட ஒன்றும் இல்லை. நன்றாக நிறுத்தி வைப்பதும் ஒரு வேலை. புகைபோக்கியை மூடுங்கள், புகைப் பெட்டிச் சாம்பலை முழுக்க வாருங்கள், கொதிகலனை வடித்து கழுவும் மூடிகளைத் திறந்து வலை கட்டிக் காற்றோட விடுங்கள், சிலிண்டர் வடிகால்களைத் திறந்தே வையுங்கள். கொதிகலனுக்குத் தண்ணீர் தள்ளும் இன்ஜெக்டர், பம்ப் போன்ற தாழ்ந்த இடங்களில் தங்கிய தண்ணீர் உறைந்தால் வார்ப்பிரும்பு வெடிக்கும். மேலே ஒரு கூரை போட முடிந்தால் பெயின்டுக்குச் செலவழிப்பதைவிட அது நூறு மடங்கு மேல். மணல் வீசித் துருவெடுத்துவிட்டு மாதக்கணக்கில் பெயின்ட் இல்லாமல் விட்டால் முன்பைவிட மோசமாகும்.

பார்க்கப் போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். ‘உலகிலேயே பெரியது’ என்று பலகையில் எழுதியிருந்தால் எதில் என்று கேளுங்கள். 1943 சோதனையில் பிக் பாய் இழுகொக்கியில் காட்டியது 6,290 குதிரைத்திறன். செசபீக் அண்ட் ஓஹாயோ ரயில்வேயின் 2-6-6-6 அலெகேனி இன்ஜின் 7,498 காட்டியிருக்கிறது. நீளத்திலும் புகழிலும் பிக் பாய், தசை பலத்தில் போட்டி உண்டு.

நிற்கும் இன்ஜினில் நெருப்புப் பெட்டிப் பக்கவாட்டைப் பாருங்கள், வரிசையாகக் கழுவும் மூடிகள் தெரியும். இரண்டு புகைபோக்கி ஒன்றன்பின் ஒன்றாக இருப்பதைக் கவனியுங்கள். வளைவில் நின்றால் முன்னால் போய்ப் பார்க்க வேண்டும். கொதிகலனின் மூக்கு தண்டவாளத்தை விட்டு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். டெண்டருக்கு ஏழு ஆக்சில். முன்னால் இரண்டு மட்டும் திரும்பும் வண்டி, மீதி ஐந்தும் சட்டத்திலேயே பொருத்தியவை.

ஓடும்போது கண்ணைவிடக் காது முக்கியம். ஒவ்வொரு தொகுதியும் ஒரு சுற்றுக்கு நான்கு முறை ‘சஃப்’ என்று ஊதும். 68 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றில் சுமார் 17.8 அடி போகும். மணிக்கு 10 மைலில் நொடிக்கு மூன்றுக்குச் சற்று மேல், எண்ணலாம். 60 மைலில் நொடிக்கு இருபது, ஒரே இரைச்சல். முன் தொகுதிக்கும் பின் தொகுதிக்கும் இடையே பல்சக்கரம் எதுவும் இல்லை. அதனால் கொஞ்ச நேரம் இரண்டும் சேர்ந்து ஊதும், பிறகு மெல்ல விலகி சுற்றுக்கு எட்டு ஊதலாகக் கேட்கும், மறுபடி சேரும். ஏற்றத்தில், மெதுவாக, பாரத்தோடு வரும் இடத்தில் நின்றால்தான் இது கேட்கும். பின்னால் டீசல் இன்ஜின் பூட்டியிருந்தால், பல ஓட்டங்களில் பூட்டுவார்கள், பாரத்தைப் பங்கு போட்டுக்கொண்டு ஊதல் மென்மையாகிவிடும். ஸ்டேஷன் கூட்டத்தில் நின்று படம் எடுப்பவர்களுக்கு இதில் எதுவும் கிடைக்காது.

ஓடாத ஏழு பிக் பாய்களும் ஷயான், டென்வர், செயின்ட் லூயிஸ், ஸ்க்ரான்டன், கிரீன் பே, ஃபிரிஸ்கோ, ஓமஹா நகரங்களில் இருக்கின்றன. ராடும் வால்வும் எப்படி அசைகின்றன என்பதை அவசரமில்லாமல் பார்க்க விரும்பினால் மினசோட்டாவின் டுலூத்துக்குப் போகலாம். அங்கே 227 எண்ணுள்ள 2-8-8-4 இன்ஜின் நின்ற இடத்திலேயே இருக்க, அதன் சக்கரங்களை மோட்டார் வைத்துச் சுழற்றிக் காட்டுகிறார்கள்.